சொல்வதை எழுதுபவர்

நவம்பர் 11, திங்கள்

இட்லிக்கு ஊறப் போட்டுவிட்டுக் கை கழுவும்போது ஜெசிந்தா போன் செய்தாள். என்னிடம் உதவி ஆசிரியையாக இருந்தவள். இப்போது பக்கத்துத் தெரு அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியை. "டீச்சர், உங்க கை வேணும்" என்றாள். என்னவோ ஏதோ என்று போனேன்.

பத்தாம் வகுப்பில் மயூரி என்று ஒரு பெண். பதினாறு வயது. கற்றல் குறைபாடு உள்ளவள். எழுத்துகள் அவளுக்குத் தாளில் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாம் ஒரு பக்கம் படிக்கும் நேரத்தில் அவள் ஒரு வரி படிப்பாள். எழுதினால் அவளுக்கே திருப்பிப் படிக்க வராது. ஆனால் காதால் கேட்டது போகாது. இந்தப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் ஒரு சலுகை உண்டு. பிள்ளை வாயால் விடை சொல்லும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதுவார். 'சொல்வதை எழுதுபவர்' என்று அவருக்குப் பெயர். பொதுத்தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர் வருவார். அதுவரை அறிவியலில் பயிற்சிக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் எழுத ஆள் இல்லை. அதற்குத்தான் என் கை.

விதிமுறை என்று ஒரு தாள் கொடுத்தாள். சொல்வதை மட்டும் எழுத வேண்டும். திருத்தக் கூடாது. சேர்க்கக் கூடாது. முகத்தால்கூடக் குறிப்புக் காட்டக் கூடாது. முப்பத்து நான்கு வருடம் அறிவியல் நடத்தியவளுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டுமா என்று மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மயூரியின் அம்மா சாந்தாமணி வந்திருந்தாள். தேங்காய் நார் மில்லில் வேலை. தலைமுடியில் நார்த் தூசி.

"டீச்சருங்க, இவ ஐ.டி.ஐ.ல எலெக்ட்ரீசியன் படிக்கோணும்ங்கறா. அதுக்குப் பத்து பாஸாகோணுமாமா. ஆகலீன்னா சூன் மாசம் என்ற கூட மில்லுக்கு வந்தரோணும்னு அவங்கப்பா சொல்லிப்போட்டாருங்க. மேஸ்திரி இப்பவே கேட்டுக்கிட்டு இருக்காரு."

மயூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க வேகமா எழுதுவீங்களா?" என்றாள்.

"ஏன் கண்ணு?"

"நான் நிறுத்தாமச் சொல்லுவனுங்க. நடுவுல நிறுத்துனா அறுந்து போயிரும்."

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற நாளில் இருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவருக்கு வேலை. "மூணு மணி நேரம் வாயத் தொறக்காமயா? நீயா கமலவேணி? அந்தப் புள்ளை பாஸாகறது இருக்கட்டும், நீ பாஸாவியா?"

நவம்பர் 13, புதன்

முதல் பயிற்சி. எங்கள் வீட்டுக் கூடத்தில்.

பாடங்களை அவளுக்கு யார் படித்துக் காட்டுகிறார்கள் என்று கேட்டேன். வகுப்பில் டீச்சர் நடத்தும்போது கேட்டதுதான் என்றாள். ஒரு முறை கேட்டதா? "ஆமாங்க. ரெண்டாந்தரம் ஆரு சொல்றாங்க."

'இலை எப்படி உணவு தயாரிக்கிறது' என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு இடது கையை மடியில் விரித்து வைத்தாள். கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடிக் கணுவைத் தொட்டு ஒரு கருத்து. நடுக் கணுவைத் தொட்டு அடுத்தது. நுனிக் கணு மூன்றாவது. பிறகு மோதிர விரல். ஒவ்வொரு கணுவிலும் ஒரு வாக்கியத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். நான்கு விரலுக்குப் பன்னிரண்டு கணு. இன்னொரு கைக்கும் பன்னிரண்டு.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"ஆரும் இல்லீங்க. எல்லாரும் நோட்டுல வெச்சுக்கறாங்க. எனக்கு நோட்டுல வெச்சா காணாமப் போயிருது."

நான் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாடப்புத்தகம் முழுவதையும் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்த ஒருத்தியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் விரலை நோண்டாதே என்று அதட்டியிருப்பேன்.

நவம்பர் 17, ஞாயிறு

அலமாரி துடைத்தேன். நான் தலைமை ஆசிரியையாக இருந்தபோது தொடர்ந்து ஒன்பது வருடம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. ஒன்பது கேடயம். வெள்ளிப் பூச்சு கறுத்துவிட்டது. விபூதி போட்டுத் தேய்த்தால் போகிறது. நூறு சதவீதத்துக்கு என்று சில வழிகள் உண்டு. எல்லாப் பள்ளிகளிலும் இருந்தவைதான்.

மாலையில் அவரை ஜவுளிக்கடைக்கு அழைத்துப்போய் உள்பனியன் வாங்கினேன்.

நவம்பர் 20, புதன்

மழை. மயூரி வரவில்லை. துணி காயவில்லை.

நவம்பர் 28, வியாழன்

மின்னோட்டப் பாடம். தொடரிணைப்புக்கும் பக்க இணைப்புக்கும் என்ன வித்தியாசம் என்பது கேள்வி. புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு இருக்கிறது. மயூரி சொன்னது இது:

"மாரியம்மன் நோம்பிக்குப் போடற சீரியல் செட்டுல ஒரு பல்பு போனா மொத்தமும் அணைஞ்சு போயிரும். அது தொடரிணைப்பு. ஊட்டுல அடுப்படி லைட்டு போனா முன்னாடி ஆசாரத்து லைட்டு எரியும். அது பக்க இணைப்பு. தொடருல எல்லாத்துக்கும் போறது ஒரே கரண்டு, பிரியறது வோல்டேஜு. பக்கத்துல எல்லாத்துக்கும் ஒரே வோல்டேஜு, பிரியறது கரண்டு."

உள்ளே முறுக்குத் தின்றுகொண்டிருந்த அவர் எழுந்து வந்து நின்றார். "இதைப் புரிஞ்சுக்கறதுக்கு எனக்கு ரெண்டு வருசமும் ஒரு ஷாக்கும் ஆச்சு" என்றார். மயூரி அவரைப் பார்த்து, "உங்க காலிங் பெல்லு சுவிச்சு லூசா இருக்குதுங்க. அதான் மழை வந்தா தானா அடிக்குது" என்றாள்.

மூன்று மாதமாகப் பக்கத்து வீட்டுப் பையன்கள்தான் அடித்துவிட்டு ஓடுகிறார்கள் என்று நாங்கள் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 17, செவ்வாய்

இன்று அரையாண்டு அறிவியல். நூலக அறையில் நானும் மயூரியும் மட்டும். மூலையில் கண்காணிப்புக்கு ஓர் ஆசிரியை. அவர் வேறு தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நல்ல வேகம். இதயத்தைப் பற்றிய கேள்வியில், நுரையீரலுக்கு இரத்தத்தைக் கொண்டுபோவது சிரை, திருப்பிக் கொண்டுவருவது தமனி என்றாள். மாற்றிச் சொல்லிவிட்டாள். வீட்டில் பத்து முறை சரியாகச் சொன்னவள். உதாரணத்துக்கு, நமக்கே ஒருவர் பெயர் தெரியும், அவசரத்தில் வேறு பெயர் வாயில் வந்துவிடும். அதற்காக அவரைத் தெரியாது என்று ஆகிவிடுமா? அவளுக்குத் தெரிந்ததைத்தான் எழுதினேன்.

ஒன்றிரண்டு இடத்தில் வாக்கியத்தை முடித்துவைத்தேன். எழுதும் வேகத்தில் கை தானாகப் போகிறது.

வரும் வழியில் ஒரு கிலோ அவரைக்காய் வாங்கினேன். பிஞ்சாக இருந்தது.

டிசம்பர் 23, திங்கள்

அறிவியல் எழுத்துத் தேர்வு எழுபத்தைந்து மதிப்பெண்ணுக்கு. இருபது எடுத்தால் தேர்ச்சி. காலாண்டில் தன் கையாலேயே எழுதிய மயூரிக்கு ஆறு.

இப்போது நாற்பத்தாறு!

சாந்தாமணி மில்லில் இருந்து நார்த் தூசியோடு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெசிந்தா, "ஆண்டு விழாவுல சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பாராட்டு வெச்சிருக்கோம். இந்த வருசம் முதல் கேடயம் மயூரிக்குத்தான் டீச்சர்" என்றாள்.

மயூரி மட்டும், "நாப்பத்தாறா?" என்று இரண்டு முறை கேட்டாள். சந்தோஷத்தில் நம்ப முடியவில்லை போலும்.

ஜனவரி 9, வியாழன்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். மயூரிக்கு இரண்டு நாள் விடுமுறை கொடுத்தேன். விடைத்தாள் கொடுத்துவிட்டார்களாம். சாந்தாமணி அதை வாங்கி மஞ்சள் பைக்குள் போட்டு, துணிப் பெட்டியில் வைத்திருக்கிறாளாம்.

பிப்ரவரி 6, வியாழன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சாயங்காலம் மயூரி வந்தாள். கையில் அந்த மஞ்சள் பை. அவளுடைய அம்மா ஐந்தாவது வரை படித்தவள். நாளை மகள் மேடை ஏறப் போகிறாளே, அப்படி என்னதான் எழுதியிருக்கிறாள் பார்க்கலாம் என்று விடைத்தாளை எடுத்து, நேற்றும் முந்தாநாளும் வேலை விட்டு வந்து, எழுத்துக் கூட்டி மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"டீச்சருங்க, பதினாலாவது கேள்வியைப் படிங்க" என்றாள்.

'இரத்தத்தின் பணிகள்.' படித்தேன். வாயுக்களைக் கடத்துகிறது. உணவைக் கடத்துகிறது. ஹார்மோன்களைக் கடத்துகிறது. கழிவைக் கொண்டுபோகிறது. நோயிலிருந்து காக்கிறது. உடல் வெப்பத்தைச் சீராக வைக்கிறது. நீர்ச் சமநிலையைப் பேணுகிறது.

மயூரி கையை விரித்தாள். சுண்டுவிரலில் மூன்று, மோதிர விரலின் அடிக் கணுவில் ஒன்று. தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"நாலு கணுதானுங்க தொட்டேன். அன்னைக்கு அதுக்கு மேல வரல. இங்க வந்து நின்னு போச்சு." மோதிர விரலைக் காட்டினாள். "நீங்க ஏழு எழுதியிருக்கீங்க."

நான் தாளைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். ஆனால் அந்த மூன்றையும் எழுதிய நினைவு எனக்குச் சத்தியமாக இல்லை.

"இன்னும் இருக்குதுங்க. அம்மா படிக்கப் படிக்க எண்ணுனேன். முப்பத்தொரு எடம்."

"நீ சொல்ல வந்ததுதானே கண்ணு..."

"சொல்ல வந்தனுங்க. சொல்லலீங்களே."

நாளை விழா, முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன். "சரிங்க" என்று தாளை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். கோபமாகப் போயிருந்தால் பரவாயில்லை. அவள் செருப்பைத் தேடி நிதானமாகப் போட்டுக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆண்டு விழா. பந்தல், மைக் செட், தேங்காய் எண்ணெய் ஆலை முதலாளி சிறப்பு விருந்தினர். காது கேளாத ஒரு சிறுவன் தரையில் ஒலிபெருக்கியின் அதிர்வைக் கால்பாதத்தால் வாங்கிக்கொண்டே ஆடினான். ஓர் அடி பிசகவில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆறு வருடமாகப் பள்ளியில் ஒரு வார்த்தை பேசாதவள், மைக் முன்னால் வந்து தன் பெயரைச் சொன்னாள். ஒரே ஒரு பெயர். பந்தல் எழுந்து நின்று கை தட்டியது. நாம் ஓடிவந்து கடந்த தூரம் எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு மலை. அதை ஏறித்தான் வந்து நிற்கிறார்கள்.

பிறகு, "அறிவியலில் ஆறில் இருந்து நாற்பத்தாறு!" என்று அறிவித்தார்கள்.

மயூரி மேடை ஏறினாள். முதலாளி கேடயத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. மைக்கைப் பிடித்திருந்த ஆசிரியரிடம் ஏதோ கேட்டாள். அவர் நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த நாப்பத்தாறு என்னுது மட்டும் இல்லீங்க. எனக்குக் கொஞ்சம், எழுதுன டீச்சருக்குக் கொஞ்சம். ரெண்டு பேரும் சேந்து வாங்குனது. டீச்சரு பாஸாயிட்டாங்க. நான் பாஸான்னு இன்னும் தெரியாதுங்க. தெரிஞ்சதுக்கு அப்பறம் வாங்கிக்கறேன்."

பந்தலே சிரித்தது. குழந்தை தமாஷாகப் பேசுகிறது என்று நினைத்தார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டே கேடயத்தை மேசை மேல் வைத்தார். முன்வரிசையில் ஜெசிந்தா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பெண் என்னைத் திருடி என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னாள், அதையும் நான் நிற்க இடம் விட்டுச் சொன்னாள்.

பிப்ரவரி 8, சனி

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

அலமாரியைத் திறக்கவில்லை.

எங்கள் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது பத்தில் தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரை அழைப்போம். "டுடோரியலில் சேர்த்துத் தனியாக எழுத வையுங்கள், அவளுக்கு நல்லது" என்போம். நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நூறு சதவீதம் அப்படித்தான் வந்தது. சண்முகவடிவு என்று ஒருத்தி. எதைக் கேட்டாலும் வாயால் சொல்வாள், எழுதச் சொன்னால் அழுவாள். அவளுக்கும் எழுத்துகள் நின்றிருக்காது. அப்போது அதற்குப் பெயர் எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அனுப்பினேன் என்று எழுத நினைத்தேன். அது முழு உண்மை ஆகாது.

பிப்ரவரி 10, திங்கள்

ஜெசிந்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. "டீச்சர், நீங்க அவளுக்கு மார்க் போட்டீங்க. அவ எவ்வளவு எடுப்பான்னு நமக்கும் தெரியாமப் போச்சு, அவளுக்கும் தெரியாமப் போச்சு. இன்னும் ரெண்டே மாசம்" என்றாள். நியாயம்.

வேறு ஆளை வைத்து மறுதேர்வு. கணினி ஆசிரியர் எழுதுவார். நான் பள்ளிக்கே வரக் கூடாது. இதைச் சொன்னது ஜெசிந்தா இல்லை, மயூரி. "நீங்க இருந்தா நான் உங்க மூஞ்சியப் பாப்பனுங்க. நீங்க தலையாட்டுனா செரின்னு தெரிஞ்சுக்குவேன். இத்தன நாளா அப்புடித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

தலையாட்டினேனா? அவரிடம் கேட்டேன். "நீ சீரியல் பாக்கறப்பவே ஆட்டுவ" என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

மறுதேர்வு முடிவு. பதினெட்டு. இருபதுக்கு இரண்டு குறைவு.

என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டு இருந்தபோது அழைப்பு மணி அடித்தது. சுவிட்சை அவள் சரி செய்ததில் இருந்து ஆள் வந்தால் மட்டும்தான் அடிக்கிறது. வாசலில் மயூரி. கையில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய்.

"எடுத்துக்கங்க டீச்சர். பதினெட்டு."

பின்னால் நின்ற சாந்தாமணி தலையில் அடித்துக்கொண்டாள். "பாருங்க டீச்சருங்க! பெயிலுக்கு முட்டாயி வாங்கறா! ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் குடுத்துக்கிட்டு வாரா!"

"அம்மா, ஆறு இருந்துச்சு. பதினெட்டு ஆயிருச்சு. பூராவும் என்னுது."

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். ஒன்பது முறை நூறு சதவீதம் வாங்கியவள் நான். ஒரு மதிப்பெண்ணுக்கு இத்தனை உரிமையோடு யாரும் இனிப்புக் கொடுத்துப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 19, புதன்

மயூரி தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். பொதுத்தேர்வில் எழுத வருபவர் யாராகவும் இருக்கலாம். மெதுவாக எழுதலாம், காது மந்தமாக இருக்கலாம், பாடமே தெரியாதவராக இருக்கலாம். ஆகவே எழுதத் தெரிந்த யார் கிடைத்தாலும் அவர்களிடம் ஒரு விடை சொல்லி எழுதி வாங்குவது. தையல்கடை அக்கா. ரேஷன் கடை எடையாளர். மில் வாட்ச்மேன். அறிவியல் தெரியாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறாள். அவர்கள் எதையும் சேர்க்க மாட்டார்கள்.

எழுதிய தாளை சாந்தாமணி இரவுச் சமையலின்போது அடுப்படியில் படித்துக் காட்டுகிறாள். மாறியிருந்தால் மறுநாள் அதே ஆளிடம் போய் இன்னும் தெளிவாகச் சொல்கிறாள். எனக்கு அதில் வேலை இல்லை. பாடத்தை ஒரு முறை வாசித்துக் காட்டுவதோடு சரி.

மார்ச் 4, செவ்வாய்

இன்று எங்கள் வீட்டுக்காரர் முறை. மின்வாரியப் பதிவேட்டில் எழுதுவது மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார்.

"கொஞ்சம் நிறுத்து புள்ள, கை வலிக்குது."

"நிறுத்தினா அறுந்து..." என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கணுவின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்தபடி அப்படியே இருந்தாள். அவர் கையை உதறி, தண்ணீர் குடித்து, கண்ணாடி துடைத்து, மறுபடி பேனா எடுக்கும்வரை. பிறகு விட்ட சொல்லில் இருந்து தொடர்ந்தாள். அறுந்து போகவில்லை.

அவளே ஆச்சரியப்பட்டுப் போய்த் தன் விரலைப் பார்த்தாள். நான் அடுக்களையில் நின்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22, சனி

மாவு அரைக்கும் கடையில் மின்வெட்டு. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அங்கே கணக்கு எழுதும் பெண், "உங்க மயூரிக்கு நான் ஓம் விதி எழுதிக் குடுத்தேன்" என்றாள். ஊரில் பாதிப் பேர் இப்போது பத்தாம் வகுப்பு அறிவியல் எழுதுகிறார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

பொதுத்தேர்வு, அறிவியல். காலையில் இருந்து வேலை ஓடவில்லை. பருப்பைத் தீய விட்டேன்.

மூன்று மணிக்கு மயூரியும் சாந்தாமணியும் வந்தார்கள். சாந்தாமணியின் முகம் சிவந்திருந்தது.

"கேளுங்க டீச்சருங்க இவ பண்ணுன கூத்த! எழுத வந்த வாத்தியாரு நல்ல மனுசன். இவ ஒரு கேள்வியில முழிச்சுக்கிட்டு இருந்தப்போ, பாவம்னு, 'இதுதானேம்மா?'ன்னு அவரா எடுத்துக் குடுத்திருக்காரு. இவ என்ன சொன்னாங்கறீங்க? நீயே சொல்லுடி!"

மயூரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் சொல்றத மட்டும் எழுதுங்க சார்னேன்."

"எத்தன மார்க்குக் கேள்வி?" என்றேன்.

"நாலு."

"அந்த விடை சரியா?"

"செரிதானுங்க. அவரு சொன்னதுக்கு அப்பறம் ஞாபகம் வந்திருச்சு. ஆனா அவரு சொல்லித்தான வந்துச்சு. அந்தக் கேள்விய உட்டுட்டேன்."

"கூறு கெட்டவளே, அந்த நாலுல பெயிலாப் போனா மேஸ்திரிகிட்ட என்னடி சொல்லுவ? நாலு வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்தேன்னா?" சாந்தாமணிக்கு அழுகை வந்துவிட்டது. "ஆருடி பாத்தா! ஆருக்குடி தெரியும்!"

எனக்கும் அதேதான் வாயில் வந்தது. யாருக்குத் தெரியும்? முப்பத்து நான்கு வருட ஆசிரியைக்கு வரக்கூடாத கேள்வி. ஆனால் வந்தது. ஒரு பக்கம் ஐ.டி.ஐ., ஒரு பக்கம் நார் மில், நடுவில் நான்கு மதிப்பெண். அதைத் தெரிந்தே தள்ளிவிட்டு வந்திருக்கிறாள். பாராட்டுவதா, பயப்படுவதா? மோர் கொடுத்தேன்.

ஏப்ரல் 30, புதன்

மயூரி மில்லுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். முடிவு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அப்பா சொல்லிவிட்டாராம். முதல் நாளே மின்விசிறியின் சுவிட்சுப் பெட்டியில் தீப்பொறி வருகிறது, மாற்றுங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறாள். உன் வேலையைப் பார் என்றாராம்.

மே 16, வெள்ளி

ஜெசிந்தாவின் அறை. கணினியில் எண் போட்டார்கள். பக்கம் திறக்க நேரமானது. சாந்தாமணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

மற்றப் பாடங்கள் எல்லாம் தேர்ச்சி. அறிவியல் எழுத்துத் தேர்வு: இருபத்து மூன்று.

ஜெசிந்தா இரண்டு முறை படித்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாம் முறை படித்தேன். இருபத்து மூன்று. தேர்ச்சி.

சாந்தாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த நாலு இல்லாமயேவா?" என்றாள். "நாலு இல்லாமயேங்கம்மா" என்றாள் ஜெசிந்தா. சாந்தாமணி மகளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மில்லுக்குப் போன பதினைந்து நாளில் அந்த விரல்களில் நார் கீறிய தழும்புகள்.

நான் எத்தனையோ நூற்றுக்கு நூறுகளை மாலை போட்டு நிறுத்தியிருக்கிறேன். இன்று அந்த இருபத்து மூன்றின் முன்னால் எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. நின்றேன். வேறு எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்துவிட்டது. எலெக்ட்ரீசியன் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண்.

பள்ளியில் ஒரு சிறப்பு மலர் அச்சிட்டுப் போடுகிறார்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் இந்த வருடம் செய்ததை அவரவர் சொல்லிலேயே. காது கேளாத சிறுவன், பெயர் சொன்ன பெண், எல்லாரும் உண்டு. மயூரி பக்கத்தை எழுத என்னைக் கேட்டாள் ஜெசிந்தா.

"நானா?" என்றேன்.

"மயூரிதான் உங்க பேரைச் சொன்னா."

சாயங்காலம் வந்தாள். கூடத்தில் உட்கார்ந்தோம். சாந்தாமணி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேனாவைத் திறந்தேன். முகத்தைத் தாளில் கவிழ்த்துக்கொண்டேன், ஆட்டிவிடக் கூடாது என்று.

"எழுதுங்க டீச்சர். 'நான் ஏன் எலெக்ட்ரீசியன் ஆவோணும்னா, எழுத்து எனக்கு எடம் மாறிக்கிட்டே இருக்கும். ஒயரு மாறாது. பச்சை ஒயரு எர்த்துன்னா எந்த ஊட்டுக்குப் போனாலும் அது எர்த்துதான். நான் அத நம்பலாம்.'"

எழுதினேன்.

உள்ளே இருந்து அவர் குரல். "ஏம் புள்ள, எந்த ஊட்டுலயுமா? பழைய ஊடுகள்ல ஒயரிங் பண்ணுனவன் கையில கிடைச்ச கலரப் போட்டிருப்பான். அப்புடி நம்பித் தொட்டுராத! கமலவேணி, அந்த வரிய மாத்தி எழுது!"

என் பேனா நின்றது. அவர் சொல்வது சரி. எனக்கே தெரியும். முப்பத்து நான்கு வருடப் பழக்கம் விரல் நுனியில் வந்து நின்றது.

"அவ சொல்லிக்கிட்டு இருக்கா. நீங்க சும்மா இருங்க" என்றேன்.

மயூரி கொஞ்ச நேரம் யோசித்தாள். அவர் சொன்னதை எடுத்துக்கொள்வாளா, தள்ளுவாளா என்று எனக்குத் தெரியவில்லை. பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.